அணுகுண்டு பாய் கடையில் குடிக்கும் டீ

பாப்பா,

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது, நீ கொடுத்த குப்பியின் ரப்பர் மூடி பின்பக்கம் கிடந்தது. வெடித்துப்போய், மேலே சிமெண்ட் தூசி படிந்து கிடந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. தூசியின் கனத்தைப் பார்த்தால் கோடைக்கு முன்பே விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் அரியலூர் வெயில் முழுவதையும் அந்தக் குப்பி வாயைத் திறந்துகொண்டே பார்த்திருக்கிறது. பக்கத்தில் இருந்த மைப்புட்டி காய்ந்து பொருக்காகிவிட்டது. முழங்கால் வலிக்கு வாங்கிய தைலம் பாதி போய்விட்டது. குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். நீ கொடுத்த அன்று கண்ணாடியில் நான் போட்டுவைத்த கோடு இருக்கிறதே, திரவம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது, வேறு மாற்றம் இல்லை.

மருமகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அதத் தூக்கிப் போட்டுடுங்களேன். அணு சமாச்சாரம். உங்க தங்கச்சி தவறிப்போனதே அதனாலதான்னு தெருவே சொல்லுது" என்றாள். நல்ல பெண்தான். பிள்ளைகள் இருக்கிற வீடு, பயப்படுகிறாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வழக்கம்போல வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டால் பிறகு மற்றவர்களிடம் சொல்ல வந்துவிடும்.

உன் மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்தது. நம் அப்பாவுக்கும் அப்படித்தான் வெடித்தது. அவர் வாலிகண்டபுரத்தில் கடலைக்காட்டு மண்ணைத் தவிர வேறெதையும் தொட்டவரில்லை. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

அந்தப் பொங்கல் உனக்கு நினைவிருக்கும். கரும்பைக் கடித்தபடியே கைப்பையிலிருந்து இந்தக் குப்பியை எடுத்து என் மேஜையில் வைத்தாய். நான் பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்து, கையால் காற்றை விசிறி மூக்குப் பக்கம் தள்ளினேன். ஒன்றும் வரவில்லை.

"வாசனையே இல்லையே, பாப்பா."

"ஆவி போனாத்தானே அண்ணே மூக்குக்கு வரும்? இது போவாது. இது உப்பு."

"உப்பா? தண்ணி மாதிரில்ல இருக்கு?"

"உருகின உப்பு. அடுப்பே இல்லாம உருகி நிக்குது. நாக்குல மட்டும் வெச்சுப் பாத்துடாத, வாத்தியாரு புத்தி."

அயனித் திரவம் என்றும், இந்தக் குப்பியில் யுரேனியம் துளியும் கலக்கவில்லை என்றும் நீ சொன்னாய். நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் பாடப்புத்தகங்களில் அது இருந்ததில்லை. கடலோரத்து ஆய்வகத்தில் நீ யுரேனியத்தையும் அதன் உறவுகளையும் பல வருஷம் அமிலத்தில் கரைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாய். அமிலம் புகையும், நெடியடிக்கும், கூடவே கரைப்பான்கள் தீப்பிடிக்கும். புகையாத, தீப்பிடிக்காத இந்த உப்பில் அவற்றைப் பிரிக்க முடியுமா என்பதுதான் உன் கேள்வியாக இருந்தது. தனிம அட்டவணையின் அடியில், தனியாக ஒதுக்கி அச்சடித்திருக்கும் யுரேனியம் இருக்கும் ஆக்டினைடு வரிசையைக் காட்டி நீ சொன்னாய்: "பாரு, ஊருக்கு வெளிய குடி வெச்ச மாதிரி வெச்சிருக்கானுங்க. எனக்கு இவங்களோடதான் சரிப்பட்டு வருது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் கரும்புச் சக்கையைத் துப்பிய வேகத்தில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

கடைசி வருஷங்களில் இன்னொரு வேலையும் உன்னிடம் வந்து சேர்ந்தது. எங்கோ பிடிபட்ட ஒரு துளி உலோகம் எங்கே பிறந்தது, யார் கையில் சுத்தமானது, எப்போது உருக்கி வார்த்தது என்று சொல்கிற வேலை. "உலோகத்துக்கும் ஊரும் வயசும் உண்டு, அண்ணே. அதுக்குள்ள பொறந்த புள்ளைங்களையும் பேரப் புள்ளைங்களையும் எண்ணினா வயசு தெரிஞ்சுடும். அதுகிட்டக் கேக்கணும். வெச்சிருந்தவன்கிட்டக் கேட்டா அவன் ஒண்ணு சொல்வான், புடிச்சவன் ஒண்ணு சொல்வான்." நாளாக நாளாக உலோகம் சிதைந்து அதற்குள் உண்டாகும் தனிமங்களைத்தான் பிள்ளைகள் என்பாய். உன்னிடம் வரும் மாதிரிகளில் ஊர் இருக்காது, பெயர் இருக்காது, ஒரு குறி மட்டும் இருக்கும். கூடவே ஒன்றுமில்லாத வெற்றுக் குப்பி ஒன்றும், விவரம் முன்பே அளந்து வைத்த பொருள் ஒன்றும் போகும். எது எது என்று தெரியாமலே மூன்றையும் ஒரே மாதிரி அளப்பாய். தெரிந்துவிட்டால் கை சாய்ந்துவிடும் என்பாய்.

அடுத்து வந்த மழைக்காலத்தில்தான் சம்சு பாயைப் பிடித்தார்கள்.

ரயிலடி போகிற வழியில் பழைய இரும்புக்கடை வைத்திருப்பவர் சம்சு பாய். ஒரு ஆலையில் குழாய் வெல்டிங்கைச் சோதிக்கும் வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டர் ஒருவர், வேலை முடிந்து போகும்போது தன் கொட்டகையை அப்படியே இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். அந்தக் குவியலில் ஒரு கறுப்புக் கட்டி இருந்தது. தேங்காய் அளவுதான், ஆனால் ஒரு ஆள் ஒரு கையால் தூக்க முடியாது. கனத்தைப் பார்த்து யாரோ ஒரு தரகர் இரிடியம் என்று ஊரெல்லாம் கதை கட்டிவிட்டார். கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கும், அது அரிசியை இழுக்கும் என்று நம்பி ஏமாறுகிற கூட்டம் அப்போது நம் பக்கம் நிறைய. போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் கட்டியையும் என்னையும் ஒரே ஜீப்பில் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஓய்வு பெற்றிருந்தாலும் ஊரில் வேதியியல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர் முதலில் ஒரு கான்ஸ்டபிளை விட்டு, தட்டில் அரிசியைக் கொட்டிக் கட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் எல்லோரும் அரிசியையே பார்த்தோம்.

"ஒட்டல சார். அப்ப இரிடியம் இல்ல."

"இரிடியம் அரிசிய இழுக்காதுங்க."

"எத்தன கேஸ் புடிச்சிருக்கோம் சார். எல்லாருமே இழுக்கும்னுதான சொன்னானுங்க?"

"புடிச்சதுல ஏதாவது இழுத்துச்சுங்களா?"

"அதான் இல்லியே" என்று அவரே யோசனையில் ஆழ்ந்தார்.

நான் கட்டியைத் தண்ணீரில் முக்கி, வழிந்த தண்ணீரை அளந்தேன். ஈயத்தைவிட மிக அதிகக் கனம். டங்ஸ்டனும் தங்கமும் யுரேனியமும் கிட்டத்தட்ட இதே கனம்தான் என்றேன். "தங்கமா இருந்தா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு இயற்பியல் துறையிலிருந்து கதிர்வீச்சு அளக்கும் பெட்டியை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். அது கரகரவென்று சத்தம் போட்டது. கான்ஸ்டபிள் அரிசித் தட்டைக் கீழே போட்டார். கட்டியின் நடுவே ஒரு துளை ஒரு பக்கம் நுழைந்து, வளைந்து நெளிந்து, மறுபக்கம் வெளியே போயிருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

'யுரேனியம் என்று கருதலாம். எந்த வகை என்பதையும் எதற்காகச் செய்தது என்பதையும் இங்கே சொல்ல முடியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ரெண்டாவது வரி வேணாம் சார். குழப்பும்."

பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டேன். "அது இருக்கட்டுங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். ஆனாலும் வரி இருந்தது.

பத்திரிகையில் முதல் வரி மட்டும் வந்தது. அரியலூரில் அணுகுண்டு மூலப்பொருள் என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் தொப்பியும் தாடியுமாக சம்சு பாயின் படத்தையும் போட்டார்கள். எழுத்தும் படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு வேறு விசாரணை தேவைப்படுவதில்லை. அவரைத் திருச்சி சிறைக்குக் கொண்டுபோனார்கள். கடை ஷட்டரில் சாணி அடித்தார்கள். கட்டியின் துணுக்கை உன் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்வாய். நீ செய்யாவிட்டால் நான் செய்வேன். நீ வேலைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். அந்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. நானும் சுழற்றவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பத்திரிகை பார்த்திருப்பாய், துணுக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகித்திருப்பாய், அதனால்தான் பேசவில்லை என்று ஒரு மனம் சொன்னது. என் ஒரு வரியால் ஒரு ஆள் சிறைக்குப் போனான் என்று என்மேல் கோபமோ என்று இன்னொரு மனம் சொன்னது. எனக்கு எப்போதும் இரண்டாவது மனம்தான் சத்தமாகப் பேசும்.

சம்சு பாயின் மனைவி நூரம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க தங்கச்சிதான் அந்த ஆபீஸ்ல பெரியவங்களாமே சார். ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு இரும்ப எடைக்கு வாங்கி எடைக்கு விக்கிறவரு. குண்டு செய்யத் தெரிஞ்சா நாங்க ஏன் ஓட்டு வூட்ல கெடக்கப் போறோம்?"

"சொல்லக் கூடாதும்மா. சொன்னா தங்கச்சி எழுதறதுக்கு மதிப்பில்லாமப் போயிடும்."

"ஒரு போன் போடப் பயம். அதத்தான இப்படி நீட்டிச் சொல்றீங்க?"

பயம்தான். அவர் படியிறங்கும்போது, "அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான் சார்" என்றார். நான் செய்வது நெறியா, கோழைத்தனமா என்று பிரிக்க எந்த உப்பும் என்னிடம் இல்லை.

பெரம்பலூர் கோர்ட்டில் விசாரணை வந்தபோதுதான் உன்னைப் பார்த்தேன். கைத்தறிப் புடவையும் பழைய செருப்புமாக, காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் எழுந்தார்.

"இது யுரேனியமா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க மேடம்."

"யுரேனியம்தாங்க."

"நன்றி. அவ்வளவுதான்."

"அவ்வளவு இல்லைங்க" என்றாய்.

வக்கீல் உட்காரப் போனவர் நின்றார். நீ கூண்டிலிருந்து இறங்கவில்லை. நீதிபதி, "சொல்லட்டும்" என்றார்.

"நெல்லக் குத்தி, அரிசிய எடுத்துக்கிட்டு ஒதுக்கின உமிங்க இது. எரியிற பங்க வேற யாரோ எப்பவோ உருவிட்டாங்க. இத மட்டும் வெச்சுக் குண்டு செய்ய முடியாது."

"உமியும் தீப்பிடிக்கும்ல மேடம்?"

கோர்ட்டில் சிரிப்பு. நீயும் சிரித்தாய். "புடிக்குங்க. ஆனா உமி மூட்டய வெச்சிருக்கிறவன அரிசி கடத்தினான்னு நீங்க உள்ள தள்ள மாட்டீங்க."

"பின்ன எதுக்குங்க இவ்வளவு கனமா ஒரு கட்டி?"

"தடுக்கறதுக்கு. வெல்டிங்க சோதிக்கக் கதிர் வீசுற பொருள உள்ள வெச்சுப் பூட்டுற பெட்டியோட சுவரு இது. ஈயத்தவிட நல்லாத் தடுக்கும். கதிரு நேராத்தான் போகும், வளையாது. அதான் துளைய வளைச்சு விட்டிருக்காங்க. வயசும் எண்ணிப் பாத்தேங்க. இத உருக்கி வார்த்தப்ப இவருக்கு மீசையே மொளைச்சிருக்காது."

கைதிக் கூண்டில் நின்ற சம்சு பாய் தன்னையறியாமல் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறிக்கையின் முடிவில் 'நாசவேலைக்குப் பயன்படும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை' என்று ஒரு வரி சேர்க்கும்படி வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரி உன்னிடம் கேட்டாராம். சேர்த்தால் யாருக்கும் சங்கடமில்லை என்றாராம். "அந்த வரிய நான் எந்தக் குப்பிலயும் பாக்கலீங்க" என்று நீ சொன்னாயாம். பதவி உயர்வு வர வேண்டிய வருஷம் அது. வரவில்லை. அதைப் பற்றி நீ பேசியதுமில்லை.

வக்கீல் கடைசியாக ஒன்று வைத்திருந்தார். "முதல்ல சோதிச்சவரு உங்க சொந்த அண்ணன்தான? அண்ணன் சொன்னத நீங்க எழுதினீங்க. சரிதான?" அதன் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சிகிட்ட இதப் பத்தி என்ன பேசினீங்க?"

"பேசலீங்க."

"நாலு மாசமா? அண்ணனும் தங்கச்சியும்? ஏன்?"

"பயமா இருந்துச்சுங்க."

மறுபடி சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து.

"எதுக்குப் பயம்?"

"நான் ஒரு வார்த்த சொல்லிட்டா தங்கச்சி அளக்கறது கெட்டுப் போயிடுமோன்னு."

சிரிப்பு நின்றுவிட்டது. வக்கீல் விடவில்லை. "யுரேனியம்னு முதல்ல எழுதினது நீங்கதான?"

"நான்தாங்க. அடுத்த வரியயும் படிங்க."

அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அந்தத் தடவை என் குரல் பின்வரிசை வரைக்கும் போனது. பாப்பா, என் வாழ்நாளில் நான் ஒரு வக்கீலுக்கு, அதிகாரிக்கு, ஏன், ஒரு பஸ் கண்டக்டருக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை. வக்கீல் அந்த வரியைப் படித்தார். சம்சு பாய் வெளியே வந்தார். கட்டியை உரிய ஆட்கள் வந்து பத்திரமாக எடுத்துப் போனார்கள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கி என் கையில் கொட்டியபடி நீ கேட்டாய்: "ஏண்ணே, ஞாயித்துக்கெழம ஏன் போன் பண்ணல?"

"நீ ஏன் பண்ணல?"

"உன்ன மாதிரிதான். பயம்."

நீயா? நான் நம்பவில்லை. நீ என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாய். "நெசமாண்ணே. நீ ஒரு வார்த்த பேசியிருந்தா என் ரிப்போர்ட்டு இன்னிக்கு அந்தக் கூண்டுலயே செத்திருக்கும். ஊர்ல எல்லாரும் உன்னப் பயந்தாங்கொள்ளிங்கிறாங்க. இனிமே சொன்னா என்கிட்ட அனுப்பு."

சம்சு பாயைச் சட்டம் விட்டது, ஊர் விடவில்லை. அணுகுண்டு பாய் என்று பேர் வைத்தார்கள். பழைய பேப்பர் எடுக்கிற தள்ளுவண்டிக்காரர்கள்கூட அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த முறை வந்தபோது நீ என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப் போனாய். சாணிக் கறை போகாத ஷட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போடச் சொல்லி, எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்தாய். என்னை உட்காரவைத்து நூரம்மாவிடம் சொன்னாய்:

"இவருதான் இனிமே உங்க கதிர் அளக்கற மீட்டரு. ஆடு கத்தினாக்கூட எங்கண்ணன் ஒதுங்கிப் போவாருன்னு ஊருக்கே தெரியும். இவரே தெனம் இங்க வந்து டீ குடிச்சா, அப்பறம் எவனுக்கு என்ன பயம்?"

சம்சு பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "சாரு வராத அன்னிக்கு நானே கடைய மூடிட்டு ஓடிப் போயிடறேன்ம்மா."

நூரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய இரண்டாவது நாள் அது.

அன்றிலிருந்து போனேன். ரயிலுக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் முறைத்துப் பார்த்தார்கள், பிறகு நின்று பார்த்தார்கள், பிறகு ஒருத்தர் ஓட்டை அண்டாவைக் கொண்டுவந்து எடை போட்டார். கடை பிழைத்தது. கல்லங்குறிச்சித் தேருக்குப் போகிறவர்களே வழியில் நின்று பழைய பித்தளை போட்டுவிட்டுப் போகிற அளவுக்குப் பிழைத்தது.

நீ போன பிறகு மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் கட்டியைத் தொட்ட அம்மா செத்துப்போனாள், அடுத்தது பாய்தான் என்று பேச்சு. தள்ளுவண்டிகள் மறுபடி சுற்றுகின்றன. உன் காரியங்கள் முடிந்து, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்துவிட்டு, போன வாரம்தான் கடைக்குப் போனேன். சம்சு பாய் நாற்காலி போடவில்லை. "நீங்க வர வேணாம் சார். அம்மா மவுத்தானதுக்கே என்னச் சொல்றாங்க. உங்களுக்கும் கெட்ட பேரு வந்துடும்" என்றார். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அப்படித் திரும்பி வந்தவன்தான் இன்று காலை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நம்மூரை மறுபடி தனி மாவட்டம் ஆக்கப் போகிறார்களாம். ஊர்வலம், பட்டாசு என்று கடைத்தெரு முழுவதும் ஆட்கள். இன்றைக்கு நல்ல கூட்டம் இருக்கும். மூடி போடாத உன் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடக்கப் போகிறேன். பாய் கடை வாசலில் இருக்கிற தராசு மேஜையில் எல்லோருக்கும் தெரியும்படி அதை வைப்பேன். நாற்காலியை நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன். கேட்கிறவர்களிடம் குப்பியில் போட்ட கோட்டைக் காட்டுவேன். என் தங்கை கொடுத்தது, இதில் ஒரு துளியும் காற்றில் போகவில்லை, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்த வேலைதானே அவளைக் கொன்றது என்று எவராவது சொன்னால், கூண்டில் நீ நின்ற மாதிரி நின்று, அவ்வளவு இல்லைங்க என்பேன். அப்பாவிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன். கேட்கவில்லை என்றால் இரண்டாவது தடவையும் சொல்வேன். இரண்டாவது தடவை எனக்குக் குரல் வரும் என்று பெரம்பலூரில் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

மருமகள் எட்டிப் பார்த்து, "குப்பியக் கையில வெச்சுக்கிட்டு எங்க மாமா கெளம்பிட்டீங்க?" என்கிறாள்.

"பாய் கடைக்கும்மா. டீ குடிச்சுட்டு வரேன்."